சமையலறைக்கு ஓய்வு வயது எது?

அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020-ல் 59 ஆக்கினார்கள். அடுத்த ஆண்டே 60 ஆனது. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று அப்போது பூங்காவில் நடந்துகொண்டே பேசித் தீர்த்தோம். ஆனால் வீட்டுச் சமையலறைக்கு ஓய்வு வயது எது என்று எந்த அரசாணையும் வந்ததில்லை. நாம் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அங்கே வேலை கூடியதே தவிர குறையவில்லை. அலுவலகம் போன காலத்தில் டப்பாவில் கட்டிக்கொடுத்தால் போதும். இப்போது பதினோரு மணிக்கு ஒரு காபி, நாலு மணிக்கு ஏதாவது கொறிக்க என்று கேட்கும் ஆள் முழுநேரமும் வீட்டிலேயே இருக்கிறார்.

அதனால் என் கட்சி இதுதான். கல்யாண நாளைக் கொண்டாட வேண்டுமானால் மண்டபமும் வேண்டாம், கேக்கும் வேண்டாம். மனைவி சமைக்காமல், பரிமாறாமல், சூடாக உட்கார்ந்து சாப்பிடும்படி மூன்று நாள் வெளியூர் போங்கள். அதுவும் சாப்பாட்டுக்காகவே போங்கள். அதற்கு நம் கடலோர ஊர்களைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

எங்களுக்கு 40 வருடம் முடிந்தபோது பிள்ளைகள் நூற்றைம்பது பேரை அழைத்து விருந்து வைக்கலாம் என்றார்கள். நல்ல மனதுதான். ஆனால் அந்த விருந்தில் என் மனைவி என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பந்தி பந்தியாகப் போய் “சாப்பிட்டீங்களா, பாயசம் வந்துச்சா” என்று விசாரித்துவிட்டுக் கடைசிப் பந்தியில், ஆறிப்போன சாதத்தின் முன் உட்கார்ந்திருப்பாள். “எங்கே போகலாம்?” என்று கேட்டேன். “நான் சமைக்காத நல்ல மீன் குழம்பு சாப்பிடணும்” என்றாள். தூத்துக்குடிக்கு டிக்கெட் எடுத்தேன்.

ஏன் தூத்துக்குடி? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து தெற்கே கடலை ஒட்டி வந்தால் காயல்பட்டினம், திருச்செந்தூர், உடன்குடி, மணப்பாடு. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்குள் அடக்கம். இந்தச் சின்னத் துண்டுக்குள் பரதவர் வீட்டு மீன் குழம்பு உண்டு, முஸ்லிம் வீட்டு நெய்ச்சோறு உண்டு, கோயில் ஊர் சைவச் சாப்பாடு உண்டு, பனங்காட்டுக் கருப்பட்டி உண்டு. ஒரே கடல், ஒரே வெயில். ஊருக்கு ஊர் அடுப்பு வேறு. வயதானவர்களுக்கு இதைவிட வசதி வேண்டாம். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார வேண்டியதில்லை.

ஒரு யோசனை. முதலில் மீன், அப்புறம் கோயில் என்று வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி, செவ்வாய் பார்க்கிறவர்கள், திருச்செந்தூர் போகும் நாளில் கவுச்சி தொடாதவர்கள் நம்மில் அதிகம். அதைப் பார்க்காமல் டிக்கெட் எடுத்தால் கடற்கரையில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட வேண்டியிருக்கும். நாங்கள் புதன் இரவு சென்னையில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். வியாழன் தூத்துக்குடி. வெள்ளி திருச்செந்தூர், உடன்குடி, மணப்பாடு. சனி காயல்பட்டினம் போய்விட்டு இரவு திருச்செந்தூரிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸில் திரும்பினோம்.

தூத்துக்குடியில் மத்தியானச் சாப்பாடு ஒரு சின்ன மெஸ்ஸில். பெஞ்சு, வாழை இலை, சுவரில் மாதா படம். அன்று விளமீன் குழம்பு. பரிமாறியவர், “அம்மா, தலையா, நடுத்துண்டா?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் தலையும் வாலும் எப்போதும் அவள் தட்டுக்குத்தான் போகும். தலைதான் ருசி என்று சொல்லியே எடுத்துக்கொள்வாள். அங்கே ஒரு நொடி கூட யோசிக்காமல் “நடுத்துண்டு” என்றாள். “உனக்குத் தலைதானே பிடிக்கும்?” என்றேன். “அது வீட்டில் பிடிக்கும்” என்றாள்.

எனக்கு இந்தப் பயணத்தின் மொத்த நியாயமும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. வாசிக்கும் அண்ணாச்சிமார் அவரவர் வீட்டில் அம்மையாருக்கு எந்தத் துண்டு ‘பிடிக்கும்’ என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வீட்டில் கேட்டால் சரியான பதில் வராது. வெளியூர் இலை முன்னால்தான் வரும்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் சமையல்கட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள். “தேங்காய் அரைச்சு விடுறீங்களா, பால் எடுத்தா?” என்று ஆரம்பித்த பேச்சு கால் மணி நேரம் போனது. உள்ளே இருந்த அம்மாள் புளிக்கு எவ்வளவு, மாங்காய் எப்போது, எந்த மீனுக்கு எது சேராது என்றெல்லாம் சொன்னார். இவளும் தன் கணக்கைச் சொன்னாள். நாற்பது வருடம் ஒரு தொழில் செய்தவள் அதே தொழிலில் இருப்பவரோடு சரிக்குச் சமமாகப் பேசுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நாம் பழைய அலுவலகப் பக்கம் போனால் நாற்காலி போட்டுப் பேசுவார்களே, அந்த மரியாதை அவளுக்கு அங்கே கிடைத்தது.

சாயங்காலம் மக்ரூன் வாங்கினோம். முந்திரிப் பருப்பு, முட்டையின் வெள்ளைக் கரு, சீனி, இவ்வளவுதான் சரக்கு. கூம்பு மாதிரி பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் காயவைப்பார்கள். போர்த்துக்கீசியர் வழியாக வந்த பண்டம் என்று ஊரில் சொல்வார்கள். அவர்கள் ஊரில் பாதாம், இங்கே முந்திரி. வாயில் போட்டதும் கரைந்துவிடும் என்பதால் எத்தனை தின்றோம் என்று தெரியாது. அதனால் எண்ணி வாங்குவதே நல்லது. இரவுக்குப் பரோட்டா, சால்னா. தூத்துக்குடிக்காரர்கள் பத்து மணிக்குச் சாப்பிடுவார்கள். நாங்கள் ஏழு மணிக்கே போய் ஆளுக்கு ஒன்று பிய்த்துப் போட்டுக்கொண்டு ஒன்பதுக்குப் படுத்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை திருச்செந்தூர். தரிசனம், இலை விபூதி, ஹோட்டலில் இட்லி. வெளியே வந்தால் ஓலைக் கொட்டானில் சில்லுக்கருப்பட்டி. பிறகு உடன்குடி. அந்த ஊர்க் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சீனி கலந்த கருப்பட்டி உடைத்தால் பளபளக்கும், அசல் அப்படி மினுக்காது என்று கடைக்காரர் இரண்டையும் உடைத்தே காட்டினார். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவதற்குள் அடுப்புப் புகையில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று ஒருமுறை பார்த்தால், அசலின் விலையைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டோம்.

மணப்பாட்டில் மணல்மேட்டின் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் இருக்கிறது. புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகையும் அங்கே உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் மெதுவாக ஏற வேண்டும். மேலே போய்விட்டால் இரண்டு பக்கமும் கடல். கொண்டு போயிருந்த கருப்பட்டியில் ஆளுக்கொரு துண்டைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு விரதம் என்பது மறந்தே போனது.

சனிக்கிழமை காயல்பட்டினம். இந்த ஊரின் நல்ல சாப்பாடு வீடுகளில்தான் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த நண்பர் வீட்டில் அழைத்திருந்தார்கள். நெய்ச்சோறு, களரிக்கறி, கடைசியில் வட்டிலப்பம். முட்டையும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்து ஆவியில் வேகவைப்பது. இலங்கையிலும் இதே பெயரில் இருக்கிறது. ஆண்கள் முன்கட்டில், பெண்கள் உள்ளே. உள்ளேயிருந்து என் மனைவியின் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. யாரும் அவளை எழுந்திருக்க விடவில்லையாம். பரிமாற ஒரு கை நீட்டினால்கூட “நீங்க உட்காருங்க” என்று அமர்த்திவிட்டார்களாம். ரயிலில் வரும்போது அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இனி, இதற்கு எதிராகச் சொல்வதையும் பார்க்க வேண்டும்.

“இந்த வயதில் நாக்குக்கு அலைவதா?” என்பார்கள். கோயிலுக்குப் போனால் பக்தி, சாப்பாட்டுக்குப் போனால் சபலம் என்று யார் பிரித்தது? பிள்ளை படிப்பு, பெண் கல்யாணம், வீட்டுக் கடன் என்று ஆசைப்பட்டதை எல்லாம் தள்ளிப்போட்டவர்கள் நாம். தள்ளிப்போட்டதை எடுத்துக்கொள்ள இன்னும் எத்தனை வருடம் காத்திருப்பது? பணம், நேரம் இரண்டும் வந்த பிறகு துணை இல்லாமல் போனவர்கள் நம் நடைப்பயிற்சிக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

“சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது, எங்கள் இருவருக்கும். அதற்காகப் பயணத்தை விட வேண்டியதில்லை, அளவை விட்டால் போதும். ஒரு பிளேட் வாங்கி இருவர் சாப்பிடுங்கள். மத்தியானம் கனமாகச் சாப்பிட்டால் இரவு பாதியாக்குங்கள். கருப்பட்டி தின்றால் சர்க்கரை ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் இனிப்புதான், ஏறும். கருவாட்டில் உப்பு அதிகம், ரத்த அழுத்தக்காரர்கள் வாசனையோடு நிறுத்திக்கொள்ளலாம். பல்செட் போட்டவர்கள் சாளை, நெத்திலி பக்கம் போகாமல் முள் குறைந்த துண்டு மீனாகக் கேளுங்கள். மாத்திரைப் பை மனைவியின் கைப்பையில் இருக்க வேண்டாம், உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். மூன்று நாளைக்கு அந்த வேலையும் அவளுக்கு வேண்டாம்.

“செலவு?” மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்துச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட எங்களுக்கு ஆகவில்லை. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகையை, ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம், 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். அதைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது. தனியாகவோ இருவராகவோ பதிவு செய்தால் அதில் கேட்கலாம். கூட்டமாகச் சேர்த்துப் பதிவு செய்தால் கிடைக்காது. கணவன் மனைவி மட்டும் போவதற்கு ரயில்வே தரும் நல்ல காரணம் இது.

“ஸ்டார் ஹோட்டலில் பேக்கேஜ் எடுத்தால் சுலபமே?” சுலபம்தான். அறுபது வகையை வரிசையாக வைத்து, தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கே நல்ல அயிட்டம் என்று பார்த்து உங்களுக்கும் சேர்த்து எடுத்துவர மறுபடியும் அவள்தான் எழுந்து போவாள். எனக்கு அது பிடிக்கவில்லை. இலை போட்டு, உட்காரவைத்து, “இன்னும் கொஞ்சம் சோறு?” என்று அவளிடம் ஒருவர் கேட்க வேண்டும். கேட்கப்படுவதில்தான் விசேஷம்.

போகும் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனப்பெருக்கத்துக்கான 61 நாட்கள் அவை. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலை ஏறும், தட்டில் இருப்பது எந்தக் கரையிலிருந்து வந்தது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா, அறை கிடைப்பது கஷ்டம். தை, மாசியில் வெயிலும் தாங்கும், மீனும் இருக்கும். உங்கள் கல்யாண நாள் சித்திரையில் வருகிறதென்றால் இரண்டு மாதம் முன்னாலேயே கொண்டாடிவிடுங்கள். தேதிக்காக மீன் காத்திருக்காது, முழங்காலும் காத்திருக்காது.

தூத்துக்குடிதான் என்றில்லை. தரங்கம்பாடி, நாகூர், கீழக்கரை, ராமேஸ்வரம் என்று நமக்குக் கடலுக்கும் ஊருக்கும் குறைவில்லை. உங்களுக்குப் பக்கத்தில் எதுவோ அங்கே போங்கள். ஊரை நீங்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. என்ன சாப்பிடுவது என்பதை மட்டும் வீட்டம்மாவிடம் விட்டுவிடுங்கள். இலை முன்னால் உட்கார்ந்ததும் முதல் துண்டு அவர் இலையில் விழும்வரை உங்கள் கையைக் கொஞ்சம் கட்டிக்கொண்டு இருங்கள்.