கடைச் சத்தத்தில் தேறட்டும் குரல் கருவி

பேச்சை எழுத்தாக்கும் கருவி இப்போது கைப்பேசியிலேயே வந்துவிட்டது. சரக்குப் பட்டியலை வாயால் சொன்னால் போதும், பில் தயார் என்று விற்க வருவோரும் உண்டு. நல்ல வசதிதான், வரவேற்போம். ஆனால் அமைதியான அறையில் செய்து காட்டுவதைப் பார்த்து முன்பணம் கொடுப்பது சரியல்ல என்பது என் கருத்து.

மாலை நேரத்து மளிகைக் கடையை எண்ணிப் பாருங்கள். மின்விசிறி, மாவு மில் போன்ற ஒரே சீரான இரைச்சலைக் கருவி ஓரளவு பிரித்துத் தள்ளிவிடும். பக்கத்தில் நிற்பவரின் பேச்சைத் தள்ளுவதுதான் கடினம், அதுவும் பேச்சுதானே! இருபது, அறுபது, எழுபது மூன்றும் ஒரே மாதிரி முடிகின்றன. முன்பாதி சத்தத்தில் அமுங்கினால் இருபது மூட்டை அறுபது மூட்டையாகிவிடும். நட்டம் யார் தலையில்?

சுத்தமாகப் பதிந்த பேச்சோடு பலவகை இரைச்சலைக் கலந்து கருவியைப் பழக்குவது ஆராய்ச்சியாளர்களின் நெடுநாளைய முறை. அது மட்டும் போதாது. இரைச்சலில் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான். பேச்சின் தன்மையே மாறுகிறது. குரல் உயர்வதை 1911-லேயே பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் எடுத்துச் சொன்னார். ஆகவே பேசும் இடத்திலேயே பதிய வேண்டும். 2015-இல் நடந்த 'சைம்' ஆய்வுப் போட்டிக்காகப் பேருந்து, காபிக் கடை, மக்கள் நடமாடும் பகுதி, தெருச் சந்திப்பு ஆகிய 4 இடங்களில் ஆங்கிலப் பேச்சைப் பதிந்தார்கள். தமிழ்க் கடைத்தெருவுக்கும் அப்படிப் பதிவு வேண்டும்.

பெரிய கருவி என்பதாலும் கண்ணை மூடி நம்ப முடியாது. 2022-இல் வெளியான 'விஸ்பர்' 6,80,000 மணி நேர ஒலிப்பதிவில் பழகியது. அதுவும் சில வேளைகளில் யாரும் பேசாத வாக்கியத்தை எழுதிவிடுவதுண்டு.

எனவே வாங்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, விற்பனைப் பிரதிநிதியை மாலை 6 மணிக்குக் கடைக்கே வரச் சொல்லுங்கள். கடை ஆட்கள் 50 ஆர்டர்களை வழக்கம்போல் சொல்லட்டும். சரக்கின் பெயரும் அளவும் எத்தனையில் தவறுகின்றன என்று எண்ணுங்கள். இரண்டாவது, மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம் இது. மூன்றாவது, சரக்கையும் அளவையும் கருவி திருப்பிச் சொல்லி, நாம் 'சரி' என்ற பிறகே பில் விழ வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத கருவி நமக்கு வேண்டாம்.

சங்கமும் ஒரு பொறுப்பை ஏற்கலாம். பேசுவோரின் சம்மதத்துடன் உறுப்பினர் கடைகளில் பேச்சைப் பதிந்து, கருவி செய்வோருக்குத் தரலாம். அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதிக்க வேண்டுகிறேன்.