தரவுத்தளத்தின் வாயிற்காவல்

புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறிகள் 2022 நவம்பர் 23ஆம் தேதி தாக்குண்டதை நேயர்கள் அறிவர். ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவல் சங்கேதமாக்கப்பட்டுப் பயனற்றுப்போயிற்று. பல நாட்கள் நோயாளர் பதிவுகள் கையால் எழுதப்பெற்றன. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமையே காரணம் என்று அரசாங்கம் பின்னர்ப் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. எவர் எதுவரை செல்லலாம் என்னும் விதி தளர்ந்தால் விளைவது யாது என்பதற்கு இது போதிய சான்று.

தரவுத்தளத்திலும் இத்தகைய விதி உண்டு. அது ஒரு சிறிய கோப்பில் அடங்கும். போஸ்ட்கிரெஸ் மென்பொருளின் அனுமதிக் கோப்பில் ஒவ்வொரு வரியும் தரவுத்தளம், பயனர், முகவரி, சோதனை முறை ஆகியவற்றைக் குறிக்கும். சர்வர் மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியையே ஏற்கும். அதன் சோதனையில் தவறியவருக்கு அடுத்த வரி கைகொடுப்பதில்லை.

உள்ளே நுழைய இயலாதபோது, எல்லாப் பயனருக்கும் எல்லா முகவரிக்கும் கடவுச்சொல் இன்றி இடந்தரும் 'டிரஸ்ட்' வரியைக் கோப்பின் தலையில் சிலர் எழுதிவிடுகின்றனர். வேலை முடிகிறது, வரி நீங்குவதில்லை. வலைவழி வருவோர்க்கெனக் கீழே எழுதிய கண்டிப்பான விதிகள் யாவும் வீணாகின்றன. கதவு பூட்டியிருந்தால் வந்தவர் முறையிடுவர். திறந்திருந்தால் எவரும் முறையிடார். ஆதலின் பிழை வெளிப்படுவதில்லை.

பொதுமக்கள் காத்திருக்கையில் விதி பார்த்தல் இயலுமா என்று கேட்கலாம். ஒரு பயனருக்கும் ஒரு முகவரிக்கும் மட்டும் வழிவிடும் வரியை எழுதவும் அதே நேரமே ஆகும். முதலில் பழைய கோப்பின் நகலை வைத்துக்கொள்க. 10ஆம் பதிப்பு முதல், கோப்பின் பிழைகளை முன்னரே காட்டும் அட்டவணை சர்வரிலேயே உண்டு; அதனைப் பார்த்தபின் மறுவாசிப்புக் கட்டளை தருக. சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. மறுவாசிப்பில் பிழை கண்டால் பழைய விதிகளே நீடிக்கும். நிறுத்தித் தொடங்கினாலோ சர்வர் எழாது.

இவற்றினும் முக்கியமானது பொறுப்பு. இருப்புப் பதிவேட்டில் கையொப்பமின்றி ஒரு மேசையும் வெளியேறுவதில்லை. அனுமதி வரிக்கு மட்டும் அது வேண்டாமா? எழுதியவர் யார், காரணம் யாது, எந்நாள்வரை என்னும் குறிப்பு ஒவ்வொரு வரிக்கு மேலும் இருத்தல் வேண்டும். ஆசிரியர்கள் மாணவர்க்கு இப்பழக்கத்தைத் தொடக்கத்திலேயே புகட்டுதல் நலம்.