ஏட்டில் மட்டும் இருந்த ஐ.பி. முகவரி



"டி.எச்.சி.பி. எப்படி வேலை செய்கிறது?" என்று வைவாவில் கேட்டால் நம்மில் யாரும் திணற மாட்டோம். டிஸ்கவர், ஆஃபர், ரெக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் என்று நான்கு படிகளையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவோம். கேட்கிற கம்ப்யூட்டருக்கு 68, கொடுக்கிற சர்வருக்கு 67 என்று போர்ட் எண்களையும் சேர்த்துச் சொன்னால் எக்ஸ்டர்னல் தலையாட்டிவிடுவார். ஆனால் அந்த முகவரி ஒரு நாள் வராமல் போனால் என்ன செய்வோம்? அங்கேதான் நம் வண்டவாளம் தெரிகிறது.

எங்கள் இறுதியாண்டு புராஜெக்டில் நடந்ததையே சொல்கிறேன். லேப்பில் ஓரங்கட்டிய இரண்டு கம்ப்யூட்டர்களைக் கேட்டு வாங்கி, ஒரு சின்ன டெஸ்ட் கிளவுட் அமைத்தோம். மென்பொருள் ஓப்பன்ஸ்டாக். 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து தொடங்கியது. காசு கொடுக்க வேண்டாம். முதல் கம்ப்யூட்டரில் உருவாக்கிய மெய்நிகர் இயந்திரங்கள் எல்லாம் சமர்த்தாக ஐ.பி. வாங்கிக்கொண்டன. இரண்டாவது கம்ப்யூட்டரில் உருவாக்கியவை வாங்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கிளவுடின் திரையில் அவற்றுக்கும் முகவரி எழுதியிருந்தது. 'ஆக்டிவ்' என்று வேறு போட்டிருந்தது. இயந்திரத்துக்குள் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. ரேஷன் கார்டில் சர்க்கரை வாங்கியதாகப் பதிவு இருக்கும், வீட்டு டப்பா காலியாக இருக்குமே, அந்தக் கதைதான். திரையில் தெரிவது கிளவுட் தன் கணக்கில் ஒதுக்கி வைத்த எண். அது இயந்திரத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம். இந்த வித்தியாசம் அன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

"ரீஸ்டார்ட் போடுடா மச்சி." போட்டோம். "அழிச்சிட்டு புதுசா உருவாக்கு." உருவாக்கினோம். "இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவுல பிங் போகுதா?" போனது. "அப்போ கேபிள் நல்லாத்தான் இருக்கு. பேசாம ஐ.பி.யை கையால போட்டுடு." அதையும் செய்தோம். அப்போதும் அடுத்த கம்ப்யூட்டரில் இருக்கும் இயந்திரத்துக்குப் பிங் போகவில்லை. ஒரு முழு நாள் போயிற்று.

மறுநாள் லேப் அசிஸ்டன்ட் அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாக்கெட் எதுவரைக்கும் வந்துச்சு? அதைப் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. முந்தின நாள் கையால் போட்ட முகவரியே ஒரு தடயம் கொடுத்திருந்தது: கோளாறு முகவரியில் இல்லை, வழியில் இருக்கிறது. அதையும் நாங்கள் கவனிக்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு இடமாக டி.சி.பி.டம்ப் ஓடவிட்டோம். இயந்திரத்திலிருந்து டிஸ்கவர் கிளம்பியது. இரண்டாவது கம்ப்யூட்டரை விட்டு வெளியே போனது. முதல் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டுவரை வந்தும் விட்டது. அதற்குள்ளே இருக்கும் டி.எச்.சி.பி. சர்வருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

கார்டுக்கும் சர்வருக்கும் நடுவே இருப்பது பயர்வால்தானே! ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு இந்த மெய்நிகர் பாக்கெட்டுகள் தனியாகப் போவதில்லை. வி.எக்ஸ்.லேன் என்ற உறைக்குள் வைத்து, யு.டி.பி. 4789ஆம் போர்ட் வழியாகப் போகின்றன. அந்த வழியை முதல் கம்ப்யூட்டரின் பயர்வால் அடைத்திருந்தது. பிங்குக்கு அனுமதி இருந்ததால் அது மட்டும் தாராளமாகப் போய் எங்களை ஏமாற்றியது. அடைத்தது யார்? நாங்களேதான்! முந்தின வாரம் பயர்வால் பயிற்சிக்காக எழுதிய விதியை அழிக்க மறந்திருந்தோம். முழு நாள் கிடைக்காத விடை, தடம் பிடித்துப் போனதும் இருபது நிமிடத்தில் கிடைத்தது.

இதை நான் இங்கே எழுதக் காரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நாம் வேலை கேட்டுப் போகப்போகும் ஆலைகளில் ரோபோவுக்கும் ஐ.பி. உண்டு, பி.எல்.சி.க்கும் உண்டு, பாகத்தைப் படமெடுத்துச் சரிபார்க்கும் கேமராவுக்கும் உண்டு. அங்கே நிலையான முகவரி போடுவது தப்பில்லை. பல இடங்களில் அதுதான் முறை. ஆனால் எந்த எண்ணை எதற்குக் கொடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதாமல் அவசரத்துக்குப் போட்டுவிட்டு வந்தால், அதே எண் நாளை இன்னொரு இயந்திரத்துக்கும் போகும். இரண்டும் மோதிக்கொண்டால் லைன் நிற்கும்.

"கம்பெனியில் இதற்கெல்லாம் நேரம் ஏது? முதலில் லைனை ஓட்டு என்பார்கள்" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். லைன் ஓடட்டும். ஆனால் ரீஸ்டார்ட் பொத்தானில் கை வைக்கும் முன் என்ன விளக்கு எரிந்தது, திரையில் என்ன எண் இருந்தது என்று இரண்டு வரி குறித்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். ரீஸ்டார்ட் பல சமயம் தடயத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. அப்புறம் அதே கோளாறு நைட் ஷிப்டில் திரும்ப வரும்.

ஆலைகள் வரும், போகும். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதே! அங்கே உழைத்தவர்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. எந்த ஆலை மூடினாலும் நம்மோடு அடுத்த கேட்டுக்கு வருவது கோளாறு கண்டுபிடிக்கும் திறமைதான்.

அதனால் துறைக்கும் நம் சங்கத்துக்கும் என் கோரிக்கை இது. இப்போது நாம் செய்யும் எக்ஸ்பெரிமென்ட் எல்லாம் சரியாக ஓடினால்தான் மார்க். ரெக்கார்டு நோட்டில் "ரிசல்ட்: வெற்றிகரமாகச் செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான். ஒரு பருவத்துக்கு ஒரு முறையாவது ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு கோளாறு வைத்துக் கொடுக்கட்டும். கண்டுபிடித்த விடைக்கு மட்டுமல்ல, தேடிப்போன வழிக்கும் மார்க் போடட்டும். லேப்புக்கு ஒரு கோளாறு நோட்டைச் சங்கமே வாங்கிக் கொடுக்கலாம். நாம் இன்று பட்ட பாடு அடுத்த ஆண்டு தம்பி தங்கைகளுக்குப் பாடமாகும். முதல் பக்கத்தில் எங்கள் பயர்வால் கதையை எழுதித் தர நாங்கள் தயார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். திரையில் மட்டும் இருந்த ஐ.பி.யும் எங்களுக்கு உதவவில்லை. நம் டிப்ளமோவும் அப்படி ஆகிவிடக் கூடாது, தோழர்களே!