தைராய்டில் சின்ன கேன்சர் கட்டி: உடனே ஆபரேஷனா, காத்திருக்கலாமா?

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஒருவர் மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கழுத்து ஸ்கேனில் 8 மில்லிமீட்டர் கட்டி தெரிகிறது. ஊசி பரிசோதனையில் 'பாப்பில்லரி தைராய்டு கேன்சர்' என்று ரிசல்ட் வருகிறது. வலி இல்லை, வீக்கமும் இல்லை. ஆனாலும் வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "எதுக்கு ரிஸ்க்? உடனே எடுத்துடலாம்."

எடுத்தே ஆகணுமா?

ஜப்பானில் என்ன நடந்தது?

கோபே நகரின் குமா மருத்துவமனை 1993-லேயே இந்தக் கேள்வியைக் கேட்டது. 1 சென்டிமீட்டருக்குள் இருக்கும், ஆபத்து குறைந்த கட்டிகளை வெட்டாமல் ஸ்கேன் மூலம் கண்காணித்தது. 1,235 பேரைப் பின்தொடர்ந்து 2014-ல் வெளியான ஆய்வின்படி, 10 ஆண்டுகளில் கட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தது சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான். நெறிகட்டிகளுக்குப் பரவியது சுமார் 4 சதவீதம் பேருக்கு. இவர்களில் யாரும் தைராய்டு கேன்சரால் இறக்கவில்லை. 2015-ல் அமெரிக்க தைராய்டு சங்கமும் இந்த முறையை ஏற்றது.

தென் கொரியா தரும் பாடம்

அங்கே ஸ்கேன் பரவலானதும், 2011-ல் தைராய்டு கேன்சர் பாதிப்பு 1993-ஐ விட 15 மடங்கு ஆனது. ஆனால் அந்த நோயால் இறப்பவர்களின் விகிதம் மாறவே இல்லை. தொந்தரவு தராத கட்டிகளையும் தேடிப்பிடித்ததுதான் காரணம்.

ஆபரேஷனுக்குப் பிறகு வாழ்க்கை எப்படி?

சுரப்பி முழுவதையும் எடுத்தால் ஆயுசுக்கும் தினமும் காலையில் தைராய்டு மாத்திரை போட வேண்டும். பாதி மட்டும் எடுத்தால், சிலருக்கு மாத்திரை தேவைப்படாது. பக்கத்தில் உள்ள பாராதைராய்டு பாதிக்கப்பட்டால் கால்சியம் குறைந்து விரல்கள் மரத்துப்போகும். குரல் நரம்பில் அடிபட்டால் குரல் கம்மும். மயிலாப்பூர் சபாவில் பாடுபவருக்கும் வகுப்பெடுக்கும் டீச்சருக்கும் இது பிழைப்புப் பிரச்சினை. அனுபவமுள்ள சர்ஜன் கையில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் பூஜ்ஜியம் இல்லை.

காத்திருப்பதும் சும்மா இல்லை

முதலில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். 'உள்ளே கேன்சர் இருக்கே' என்ற பயம் சிலரைத் தூங்கவிடாது. அப்படியும் கொரியாவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், பாதி சுரப்பியை எடுத்தவர்களைவிட கண்காணிப்பில் இருந்தவர்களுக்கே அன்றாட வாழ்க்கைத் தொந்தரவுகள் குறைவாக இருந்தன.

யாருக்கு இது சரிவராது?

கட்டி மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டி இருந்தாலோ, நெறிகட்டிக்குப் பரவியிருந்தாலோ ஆபரேஷன்தான் வழி. வயதானவர்களைவிட இளம் வயதினருக்குக் கட்டி வளரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். இன்னொரு கேள்வியும் முக்கியம். தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவருக்கு, வருடாவருடம் ஸ்கேனுக்கு வர லீவும் பணமும் கிடைக்குமா? ஃபாலோ-அப்பை விட்டுவிட்டால் அது கண்காணிப்பே இல்லை.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

• கட்டி எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக இருக்கிறது?
• கண்காணிப்பு எனக்குப் பொருந்துமா?
• ஆபரேஷன் என்றால் பாதியா, முழுசா?

இந்த வகைக் கட்டி பெரும்பாலும் மெதுவாகவே வளரும். அதனால் சில வாரம் யோசிக்கவும், இரண்டாவது டாக்டரிடம் கேட்கவும் நேரம் இருக்கிறது. 1954 முதல் இயங்கும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் போன்ற இடங்கள் சென்னையிலேயே உள்ளன. ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.