எந்த சர்வருங்ணா போறது?

போன ஞாயித்துக்கிழமை சித்தி பையன் வீட்டுக்கு வந்திருந்தான். பெருமாநல்லூர் பக்கம் ஒரு பிரிண்டிங் யூனிட்ல வேலை. அம்மா போட்டுக் குடுத்த டீயை முழுசா குடிக்கக்கூட இல்லை, ஆரம்பிச்சுட்டான்.

"அண்ணா, புதுசா ஒரு கேம் டவுன்லோடு பண்ணிருக்கேனுங்ணா. உள்ள போனா சர்வர் செலக்ட் பண்ணச் சொல்லுது. எதுல போறதுங்ணா?"

"நீ எதுல போலாம்னு இருக்கே?"

"சிங்கப்பூர்தானுங்ணா. பிங் கம்மி. வீடியோல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இதே பதிலை எனக்கு நானே சொல்லிக்கிட்டு ஒன்பது மாசத்தைத் தொலைச்சவன் நான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விளக்கமா இங்க எழுதறேன். விளையாடாதவங்களும் படிக்கலாம், ஒண்ணும் பிடிபடாத சமாச்சாரம் இல்லை :)

ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்துல ஒரே உலகத்துக்குள்ள நடமாடி, சண்டை போட்டு, சந்தையில வித்து வாங்கி வாழ்ற விளையாட்டுகள் இவை. எல்லாரையும் ஒரே இடத்துல அடைக்க முடியாதுன்னு அதே உலகத்தை நகல் எடுத்துப் பல சர்வர்ல ஓட்டறாங்க. நீங்க சேர்ற நகல்ல இருக்கறவங்கதான் உங்க ஊர்க்காரங்க. ஈவ் ஆன்லைன் மாதிரி, சீனாவைத் தவிர மத்த எல்லாரையும் ஒரே சர்வர்ல வெச்சிருக்கறது ரொம்ப அபூர்வம். மத்ததுல எல்லாம் முதல் நாளே இந்தக் கேள்வி வந்து நிக்கும். விளையாட்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாத அன்னைக்குத்தான் இருக்கறதுலயே பெரிய முடிவை எடுக்கச் சொல்றாங்க. என்ன நியாயமோ!

இனி பிங் விஷயத்துக்கு வருவோம். நாம பட்டனை அமுக்கின சேதி சர்வருக்குப் போய்த் திரும்பி வர்ற நேரம்தான் பிங். கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் வினாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையில இருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில போற கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போக வர 32 மில்லிசெகண்ட். நம்ம ஊர்ல இருந்து சென்னை போறது, நடுவுல இருக்கற பெட்டிங்க எல்லாம் சேர்த்து இன்னும் கொஞ்சம் கூடும். ஐரோப்பான்னா செங்கடல் சுத்திப் போகணும், 150-க்கு மேல ஆயிடும். அமெரிக்கா 200-ஐத் தாண்டிடும். கணக்குப்படி பார்த்தா சிங்கப்பூர்தான் சரி.

ஆனா கணக்கு அங்க முடியலை மக்களே.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல ஒரு அடி அடிச்சா அடுத்த அடிக்குப் பொதுவா ஒன்றரை வினாடி காத்திருக்கணும். ஃபைனல் ஃபேன்டஸி 14-ல இரண்டரை வினாடி. அதாவது 2,500 மில்லிசெகண்ட். அதுக்குள்ள 150 மில்லிசெகண்ட் தாமதம் உங்களை ஒண்ணும் பண்ணிடாது. சுட்டுத் தள்ற விளையாட்டு, ஆளுக்கு ஆள் நேருக்கு நேர் மோதற விளையாட்டுன்னா கதை வேற, அங்க பிங்தான் ராஜா. ஆனா பத்துப் பேர் சேர்ந்து ஒரு குகைக்குள்ள போற விளையாட்டுல, பிங் 70 இருந்து கூட வர ஆள் இல்லேன்னா என்ன பிரயோஜனம்?

இதுக்கு ஒரு பழைய சாட்சி இருக்கு. வார்கிராஃப்ட்ல 'ஓஷியானிக்' சர்வர்னு ஒரு பிரிவு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்காரங்களுக்கானது. பேருதான் ஓஷியானிக், மெஷின் இருந்தது அமெரிக்காவுல! 2014 அக்டோபர்ல தான் சிட்னிக்கே கொண்டு வந்தாங்க. அதுவரைக்கும் வருஷக் கணக்கா அந்த ஜனங்க கடல் தாண்டின பிங்கோடயே விளையாடினாங்க. ஏன்? அவங்க சாயங்காலத்துல முழிச்சிருக்கற ஆளுங்க அந்த சர்வர்லதான் இருந்தாங்க. அவங்க தேர்ந்தெடுத்தது நேரத்தை. தூரத்தை இல்லை.

நம்ம நாட்டுலயே இன்னொரு சாட்சி. 2000-களின் நடுவுல ராக்னராக் ஆன்லைனுக்கு இந்தியாவுக்குன்னே சர்வர் இருந்தது. சிஃபி மூலமா ஏ3 வந்தது. இன்னைக்கு ரெண்டும் இல்லை. சர்வர் பக்கத்துல இருந்தா மட்டும் போதாது. ஆளு வேணும், தினமும் வர்ற ஆளு.

இப்ப நம்ம ஊர்க் கடிகாரத்தைப் பாருங்க.

திருப்பூர்ல காலையில எட்டரைக்குப் போனவன் ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி எட்டரைக்கு வெளிய வருவான். வீட்டுக்கு வந்து குளிச்சு, சாப்பிட்டு, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரும்போது மணி பத்து. அப்ப சிங்கப்பூர்ல நடுராத்திரி பன்னெண்டரை. சிட்னியில விடியக்காலம் இரண்டரையோ மூன்றரையோ. ஜெர்மனியில? சாயங்காலம் ஐந்தரை, கோடையில ஆறரை. அவனும் அப்பத்தான் வேலை முடிஞ்சு வந்து உக்கார்றான்!

இதுல வெட்கக்கேடு என்னன்னா, நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். பத்து வருஷமா ஐரோப்பா நேரத்துலதான் என் பொழப்பே ஓடுது. மதியம் ஒன்றரைக்கு மேல தான் பையர் மெயில் வர ஆரம்பிக்கும். சாம்பிள் அப்ரூவலுக்கு ராத்திரி வரைக்கும் காத்துக் கிடப்பேன். அப்படிப்பட்டவன், விளையாட்டுன்னு வந்ததும் கடிகாரத்தை மறந்துட்டுப் பிங்கைப் பார்த்துட்டுப் போய்ச் சேர்ந்தேன் பாருங்க, அவ்வ்வ்வ்.

விளையாட்டோட பேரு வேண்டாம், தப்பு என்னோடது. சிங்கப்பூர் சர்வர். பிங் சூப்பர். போன ரெண்டாவது வாரமே ஒரு தமிழ் கில்டு கிடைச்சுது. எல்லாரும் மலேசியத் தமிழர்கள். தலைவர் கிள்ளான்காரர், லாரி ஓட்டறவர், என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர். நான் 'அண்ணே'ம்பேன், அவர் 'வாங்க தம்பி'ம்பார். அவங்க பேசற தமிழும் நம்ம கொங்குத் தமிழும் சேர்ந்தா அது ஒரு தனி ரகம். தனியா ரூம் எடுத்துத் தங்கியிருந்த எனக்கு, கம்பெனிக்கு வெளிய நான் பேசின தமிழ் பாதி அங்கதான்.

ஆனா நான் பத்து மணிக்கு உள்ள போகும்போது லிஸ்ட்ல அறுபது பேரும் சாம்பல் நிறத்துல இருப்பாங்க. தூங்கிட்டாங்க. அண்ணன் மட்டும் சில நாள் ஒரு மணி வரைக்கும் முழிச்சிருந்து என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவார். அவருக்குக் காலையில அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணும். எனக்கே சங்கடமாப் போச்சு. மிச்ச நாள் எல்லாம் காலி ஊர்ல நான் மட்டும் சுத்துவேன். தீபாவளிக்கு மறுநாள் திருப்பூரைப் பார்த்திருக்கீங்களா? பனியன் கம்பெனி எல்லாம் பூட்டி, ஜனமெல்லாம் மதுரை, தேனி, திருநெல்வேலின்னு சொந்த ஊருக்குப் போயிட்டு, ரோட்டுல ஈ காக்கா இருக்காது. எனக்கு ஒன்பது மாசமும் அந்த தீபாவளி மறுநாள்தான்.

கடைசியில ஐரோப்பா சர்வருக்கு மாறினேன். மாறினேன்னா, பழைய ஆளை எடுத்துட்டுப் போக முடியாது, முதல்ல இருந்து. பல விளையாட்டுல இதுதான் நிலைமை. ஆல்பியன் ஆன்லைன் 2017-ல வந்தப்போ ஒரே சர்வர். ஆசியாவுக்கு 2023-லயும், ஐரோப்பாவுக்கு 2024-லயும் தனியா திறந்தாங்க. ஒண்ணுல சம்பாதிச்சது இன்னொண்ணுல செல்லாது. வார்கிராஃப்ட்ல காசு கட்டினா மாத்திக்கலாம். அதனால சேர்றதுக்கு முன்னாடி 'பின்னால மாற முடியுமா'ன்னு பார்த்துடுங்க. முடியாதுன்னா நிதானமா முடிவு பண்ணுங்க.

அடுத்தது கூட்டம். 'கூட்டம் அதிகம் இருக்கற சர்வருக்குப் போ'ன்னு ஒரு கட்சி, 'புது சர்வருக்குப் போ, எல்லாரும் சமம்'னு ஒரு கட்சி. ரெண்டுலயும் பாதி உண்மை. நியூ வேர்ல்ட் 2021 செப்டம்பர்ல வந்தப்போ ஸ்டீம்ல மட்டும் ஒரே சமயத்துல 9 லட்சம் பேருக்கு மேல. ஒரு சர்வருக்கு ரெண்டாயிரம் பேர்தான் கொள்ளும். மணிக்கணக்கா வரிசை. அவசர அவசரமா புது சர்வரா திறந்தாங்க. கொஞ்ச மாசத்துல கூட்டம் கலைஞ்சு, சர்வர்களை ஒண்ணோட ஒண்ணு இணைச்சாங்க. ஆர்டர் வந்த சீசன்ல பத்து மெஷின் கூடுதலா வாங்கிப் போட்டுட்டு, சீசன் முடிஞ்சதும் துணி போட்டு மூடி வைக்கறதை நாம பார்க்காததா? முதல் மாசக் கூட்டத்தை நம்பி எந்த முடிவும் எடுக்காதீங்க. பழைய சர்வர்ல விலைவாசி கூடத்தான், ஆனா புது ஆள் பொறுக்கிட்டு வர்ற சாதாரணச் சரக்குக்கும் அங்க நல்ல விலை கிடைக்கும். பயப்பட வேண்டாம்.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுக்கறது? தம்பிக்கு ஒரு பேப்பர்ல எழுதியே குடுத்தேன்.

1. கூட விளையாட கூட்டாளி யாராவது ஏற்கெனவே இருந்தா, யோசிக்காம அவன் இருக்கற சர்வருக்குப் போ. பிங்காவது மண்ணாவது.

2. யாரும் இல்லேன்னா, நீ உண்மையிலயே விளையாடப் போற நேரத்தை எழுது. ஆசைப்படற நேரத்தை இல்லை, ஷிப்ட் போக மிச்ச நேரத்தை. அந்த நேரத்துல எந்த ஊர்ல சாயங்காலம்னு பாரு.

3. அந்த சர்வர்ல ஒரு டம்மி ஆளை உருவாக்கி, மூணு ராத்திரி அதே நேரத்துல போய் நில்லு. பெரிய ஊர்ச் சந்தையில ஆள் நடமாட்டம் இருக்கா? பொதுவுல ஒரு கேள்வி கேளு. பதில் வருதா, எப்படி வருதுன்னு பாரு. லிஸ்ட்ல 'கூட்டம் அதிகம்'னு போட்டிருக்கறதை நம்பாதே, அது எந்த நேரத்துக் கூட்டமோ.

4. இதெல்லாம் சரியா இருந்தா, கடைசியா பிங். இருநூறுக்குக் கீழ இருந்தா பொறுத்துக்கலாம்.

ஐரோப்பாவுலயும் தொந்தரவு இல்லாம இல்லை. அவங்க பெரிய குழுவாப் போறது ராத்திரி எட்டு மணிக்குத்தான். நமக்கு அது பதினொன்றரை, பனிக்காலத்துல பன்னெண்டரை. அதனால நான் சனிக்கிழமை ராத்திரி மட்டும்தான் அதுல சேர்றது. சம்பளமும் வாங்கியாச்சு, மறுநாள் லீவு :) அப்புறம் கேபிள். 2025 செப்டம்பர்ல செங்கடல்ல, ஜெட்டா பக்கம் கேபிள்கள் அறுந்தப்போ நம்ம நாட்டுல இருந்து அந்தப் பக்கம் போற லைன் எல்லாம் மந்தமாச்சு. அப்பல்லாம் சும்மா மீன் பிடிச்சுட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். விளையாட்டுக்குள்ளதாங்க!

பேப்பரைப் படிச்சுட்டுத் தம்பி கேட்டான்:

"அண்ணா, முதல் பாயிண்ட் கூட்டாளிங்கறீங்க. அப்ப நீங்க அந்த மலேசியா அண்ணனை விட்டுட்டு வந்தது தப்பில்லீங்களா?"

சட்டுனு பதில் வரலை. "நேரம் ஒத்து வரலைடா"ன்னேன். அவனும் அதுக்கு மேல கேக்கலை.

அன்னைக்கு ராத்திரி யோசிச்சுப் பார்த்தேன். வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கும் பகல் இருக்கு, அவருக்கும் இருக்கு. நம்ம காலை பத்து அவருக்குப் பகல் பன்னெண்டரை. கிளம்பும்போது இந்தக் கணக்கு எனக்குத் தோணவே இல்லை. தினமும் தனியா சுத்தற எரிச்சல்ல, சொல்லிக்காமக்கூட வந்துட்டேன்.

பழைய பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்யுது. இந்த ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு உள்ள போய்ப் பார்க்கப் போறேன். லிஸ்ட்ல அவர் பேரு பச்சையா இருந்தா, முதல்ல ஒரு மன்னிப்பு கேக்கணும்.

தம்பி எந்த சர்வர்ல சேர்ந்தான்னு கேக்கறீங்களா? அவன் கூட வேலை செய்யற ரெண்டு பசங்க சிங்கப்பூர்லதான் இருக்காங்களாம். அங்கயே போயிட்டான். ரொம்ப சரி.

டிஸ்கி: ராத்திரி ஷிப்ட் பார்க்கறவங்களுக்கு இந்தக் கணக்கு எல்லாமே தலைகீழ். பகல் பதினொரு மணிக்கு உக்கார்றவங்களுக்குச் சிங்கப்பூரை விட நல்ல சர்வர் கிடையாது. நீங்க எந்த நேரத்துல, எந்த சர்வர்ல விளையாடறீங்க? சொல்லிட்டுப் போங்க.