கறுப்பு ஆடு, வெள்ளைப் பட்டை... போட்டோவில் இரண்டும் தெரிய என்ன வழி?

கேள்வி: ''போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி போகும் வழியில், மலையடிவாரத்தில் பால்கன்னி ஆடுகள் வளர்க்கிறேன். ஒரு கிடாவை விற்க, போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடம்பு கரிக்கட்டை மாதிரியும், முகம் வெறும் வெள்ளைத் திட்டாகவும் விழுந்திருக்கிறது. 'இது கன்னியே இல்லை' என்று சொல்லி கறி விலைக்குக் கேட்கிறார்கள். வாரத்தில் 6 நாள் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மேலே போய்விடுவேன். ஞாயிறு மதியம்தான் நேரம். நல்ல கேமரா போன் வாங்கினால் சரியாகுமா?''

பதில்: போன் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு இன்னொரு பெட்டைக்குட்டி பிடிக்கலாம். கோளாறு போனில் இல்லை, ஞாயிறு மதியத்தில் இருக்கிறது.

கன்னி ஆட்டுக்கு முகம்தான் அடையாளம். கறுப்பு உடல், முகத்தின் இரண்டு பக்கமும் மூக்கை நோக்கி இறங்கும் பட்டை. பட்டை வெள்ளை என்றால் பால்கன்னி, செம்பழுப்பு என்றால் செங்கன்னி. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்து இனம் இது. வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அந்தப் பட்டையை. அடுத்து அடிவயிறு, கால்களின் உள்பக்கம். இவை தெரியாத படத்தைப் பார்த்துக் கறி விலை கேட்டவரைக் குறை சொல்ல முடியாது.

கேமராவுக்கு ஆடு எது, சுவர் எது என்று தெரியாது. எதிரே உள்ளதெல்லாம் கலந்து நடுத்தரச் சாம்பல் நிறத்தில் வரவேண்டும் என்ற கணக்கில்தான் அது வெளிச்சத்தை அளக்கிறது. படம் முழுக்கக் கறுப்பு ஆடு நின்றால், 'இருட்டாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தைக் கூட்டும். ஆடு சாம்பலாகும், பட்டை வெளுத்துப்போகும். பின்னால் வானமோ சுண்ணாம்புச் சுவரோ இருந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும். ஆடு கரிக்கட்டை ஆகும். மாமரத்தடி மதிய வெயிலில் இரண்டும் ஒன்றாக நடக்கும். இலை இடுக்கில் விழும் வெயில் பொட்டுகளை நிஜமான வெள்ளைப் புள்ளி என்றே நினைத்துவிடுவார்கள்.

உங்கள் ஊருக்கு ஒரு வசதி உண்டு. போடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குப் பக்கம். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் அடிவாரம் முழுக்க மலைநிழல் விழும். ஆனால், வானத்தில் வெளிச்சம் இருக்கும். கறுப்புத் தோலுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் ஸ்டூடியோவிலும் கிடைக்காது. ஞாயிறு மதியத்தை விட்டுவிட்டு அதுவரை பொறுங்கள். கிழக்குப் பக்கம் திறந்த வெளியில், வானத்துக்கு முதுகு காட்டி நீங்கள் நில்லுங்கள். கிடா உங்களைப் பார்த்து, சற்றுப் பக்கவாட்டாக நிற்கட்டும். பின்னால் பழைய சணல் சாக்கு இரண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். போனை ஆட்டின் உயரத்துக்கு இறக்கிப் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், கண் பச்சையாக மின்னும், ரோமம் பளபளத்து மேடு பள்ளம் தெரியாது.

திரையில் முகத்துப் பட்டையைத் தொட்டு, விரலை அப்படியே அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் அளவு அங்கேயே நின்றுவிடும். பக்கத்தில் சின்னச் சூரியப் படம் வரும். வெள்ளையில் ரோமம் தனித்தனியாகத் தெரியும்வரை அதைக் கீழே இழுங்கள். உடம்பு கொஞ்சம் இருட்டாக விழும், விழட்டும். இருட்டில் மறைந்ததை ஓரளவு பிறகு மீட்கலாம். வெளுத்துப்போன வெள்ளையில் மீட்க ஒன்றுமே இருக்காது.

மீட்பதற்கு கேலரியில் 'எடிட்' போங்கள். 'பிரைட்னஸ்' பக்கம் போகாதீர்கள். அது பட்டையையும் சேர்த்து வெளுக்கும். 'ஷேடோஸ்' என்பதை மட்டும் மெதுவாகக் கூட்டுங்கள். விலா, தொடை, கொம்பின் அடி எல்லாம் வெளியே வரும். பட்டை கூசினால் 'ஹைலைட்ஸ்' கொஞ்சம் குறையுங்கள். கறுப்பில் பொடிப்பொடியாகப் புள்ளி தட்டினால் கூட்டியது அதிகம், பின்னால் வாருங்கள். ஏற்கெனவே அனுப்பிய படத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். உடம்பு தேறும், முகம் தேறாது.

நிறத்தை மாற்றும் 'ஃபில்டர்' எதுவும் வேண்டாம். செங்கன்னியின் பட்டை அதில் வெளிறிவிட்டால், நேரில் வந்தவர் உங்களை ஏமாற்றுக்காரர் என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு எங்கள் வீட்டு எருமை ஒன்று செத்துப்போனது. காப்பீட்டுக்காக உச்சிவெயிலில் நான் எடுத்துக் கொடுத்திருந்த படத்தில் காதுவில்லை வெறும் வெளிச்சப் பொட்டு. எண்ணில் ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை. எருமை அதுதான் என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைந்தேன். இப்போதுள்ள மஞ்சள் வில்லையில் 12 இலக்கம். முழு உருவப் படம் எடுத்த கையோடு, வில்லையைத் தொட்டு அளவு வைத்து இன்னொரு படம் எடுத்துவிடுங்கள். காப்பீட்டுக்குத் தரும் படத்தில் 'எடிட்' எதுவும் செய்யாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும். 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். இடது முகம், வலது முகம், முழு உடல் என 3 படம் போதும்.