பெரிய மீன் தொட்டி: முதலில் கணக்கு, பிறகு கண்ணாடி

வண்ண மீன்கள் நீந்தும் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று நம் வீட்டிலும் இருக்கக்கூடாதா என்று உங்களில் பலர் ஆசைப்பட்டிருப்பீர்கள். சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளைப் பார்த்து வந்தவர்களுக்கு அந்த ஆசை எளிதில் அடங்காது. ஆசை நல்லதுதான். ஆனால் கண்ணாடி வெட்டுபவரிடம் போகும் முன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முதலில் முடிவு செய்யவேண்டியது நீரின் ஆழம். தொட்டி உயரமாக இருந்தால்தான் அழகு என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

180 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம் நீர் கொண்ட தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 6,48,000 கன செ.மீ.; அதாவது 648 லிட்டர். ஒரு லிட்டர் நீரின் நிறை 1 கிலோகிராம் அல்லவா? ஆகவே நீர் மட்டுமே 648 கிலோ. கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் தனி. பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் ஒரு பெஞ்சு அளவு இடத்தில் இரவும் பகலும் நகராமல் நிற்பதற்கு இது சமம்.

வீட்டுத் தளம் இதைத் தாங்குமா? தொட்டியின் அடிப்பரப்பு 1.08 சதுர மீட்டர். ஆகவே சதுர மீட்டருக்கு 600 கிலோ சுமை. குடியிருப்பு அறைகளில் ஆட்கள், மரச்சாமான்கள் முதலியவற்றின் சுமைக்கு, சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் என்று கணக்கிட்டுத் தளம் அமைக்கவேண்டும் என்பது ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர விதி. அது சுமார் 200 கிலோ எடை. தொட்டி வைத்ததும் தளம் இடிந்துவிடும் என்று இதற்குப் பொருளல்ல. 200 கிலோ என்பது அறை முழுவதற்குமான கணக்கு. தொட்டியோ ஒரு மூலையில் நிற்பது. ஆனாலும் மாடியில் வைப்பதாக இருந்தால், உத்தரம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லக்கூடிய கட்டிடப் பொறியாளரைக் கேட்காமல் வைக்கக்கூடாது.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். நீரின் மேல்மட்டத்தில் நீரால் வரும் அழுத்தம் சுழி. 60 செ.மீ. ஆழத்தில் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 60 கிராம் எடை. சராசரி 30 கிராம். முன்பக்கக் கண்ணாடியின் பரப்பு 10,800 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்குங்கள். 324 கிலோ எடைக்குச் சமமான விசை அந்தக் கண்ணாடியை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது!

இதே 648 லிட்டரை வேறு இரண்டு தொட்டிகளில் ஊற்றிப் பார்ப்போம். நீளம் எல்லாவற்றுக்கும் 180 செ.மீ.தான். ஒன்று ஒல்லியானது: அகலம் 40, ஆழம் 90. மற்றொன்று பரந்தது: அகலம் 90, ஆழம் 40. ஒல்லித் தொட்டியின் முன்கண்ணாடியில் விசை 729 கிலோ. தளத்தின்மேல் சதுர மீட்டருக்கு 900 கிலோ. பரந்த தொட்டியிலோ விசை 144 கிலோதான். தளத்துக்கு 400 கிலோ. நீர் அதே நீர். கண்ணாடியின்மேல் விசை மட்டும் ஐந்து மடங்கு வேறுபடுகிறது. நீரின் மொத்த அளவல்ல, ஆழமே அழுத்தத்தை நிர்ணயிக்கிறது என்று சைமன் ஸ்டெவின் 1586-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்.

மீன்களின் பக்கம் நின்றும் பாருங்கள். காற்றிலுள்ள பிராணவாயு நீரின் மேற்பரப்பு வழியாகவே கரைகிறது. 20 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். நம் ஊர்க் கோடையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பரந்த தொட்டியின் மேற்பரப்பு 16,200 சதுர செ.மீ.; ஒல்லித் தொட்டிக்கு 7,200 மட்டுமே. பம்பு வைத்துக் காற்றூட்டலாமே என்பீர்கள். மின்சாரம் நின்றுபோனால்?

பெரிய தொட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீர் அதிகமானால் வெப்பநிலை மெதுவாகவே மாறும், கழிவும் நீர்த்துப்போகும். அது மீனுக்கு நல்லது. ஏஞ்சல் மீன் போன்ற உயரமான உடலுடையவற்றுக்குச் சற்று ஆழம் தேவை என்பதும் உண்மையே. அதற்கும் 60 செ.மீ. தாராளம். பரந்த தொட்டி அறையில் அதிக இடத்தை அடைக்கும் என்பதுதான் குறை. இடம் இல்லையென்றால் நீளத்தைக் குறையுங்கள், ஆழத்தைக் கூட்டாதீர்கள்.

ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஓர் ஓட்டலின் கூடத்தில் சுமார் 10 லட்சம் லிட்டர் நீர் கொண்ட, பல மாடி உயர அக்ரிலிக் உருளைத் தொட்டி ஒன்று இருந்தது. 2022 டிசம்பர் 16 அதிகாலை அது வெடித்துச் சிதறியது. கூடத்தில் கூட்டம் இல்லாத நேரம் என்பதால் இருவர் காயத்துடன் தப்பினர். ஏறத்தாழ 1,500 மீன்களில் பெரும்பாலானவை மாண்டன. தேர்ந்த பொறியாளர்கள் அமைத்த தொட்டி அது. உடைந்ததற்கான காரணத்தை ஆய்வாளர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்படியிருக்க, கணக்கே போடாமல் நாம் ஒரு தொட்டியை எழுப்பலாமா?

உங்கள் வீட்டுக்கு ஏற்ற மூன்று அளவுகளை எழுதி, எடை, விசை, மேற்பரப்பு மூன்றையும் கணக்கிடுங்கள். அந்தத் தாளை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். தொட்டி வாங்கித் தருவதா வேண்டாமா என்று அதன்பிறகு அவர்கள் சொல்லட்டும்.